யானையை எருமை என்றவள்

எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. ஆசிரியர் பயிற்சிக்குப் படித்த காலத்திலேயே இதற்காக வகுப்புக்கு வெளியே நின்றிருக்கிறேன். கோபமும் அப்படித்தான், வந்தால் வந்ததுதான். ஆனால் கோபம் சீக்கிரம் ஆறிவிடும், சிரிப்பு ஆறாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு புதுச்சத்திரம் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தொடக்கப் பள்ளியில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். பள்ளியில் ஆசிரியர்கள் இருவர். தலைமையாசிரியை பெரிய டீச்சர், நான் சின்ன டீச்சர். சின்ன டீச்சர் ஏன் பெரிய டீச்சரைவிட ஓரடி உயரம் என்று முதலாம் வகுப்பு வருடா வருடம் புதிதாகக் கேட்கும்.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர் பக்கம். இங்கே வந்த புதிதில், ஆடு மாடு தவிர எல்லாரிடமும் ‘ங்க’ போட்டுப் பேசுகிறார்கள் என்று அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். மறு வாரமே ஒரு பையன் வழியில் நின்ற கன்றுக்குட்டியிடம் “கொஞ்சம் தள்ளிக்கங்க” என்றான். அதையும் போன் செய்து சொன்னேன்.

எங்கள் தேர்வைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முன்பெல்லாம் தேர்வென்றால் ஒரே நாள், ஒரே வினாத்தாள், எல்லாருக்கும் ஒரே வயிற்றுவலி. இப்போது ஒன்றிலிருந்து மூன்று வரையுள்ள வகுப்புகளுக்குத் தேர்வு என் போனுக்குள் இருக்கிறது. தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும். ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேள்வியைக் காட்டுவேன். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கொஞ்சம் கடினமாக வரும். தவறாகச் சொன்னால் கேள்வி ஒரு படி கீழே இறங்கும். கடைசியில் அந்தப் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று போன் சொல்லிவிடும். அரும்பு என்றால் ஒன்றாம் வகுப்பு அளவுக்குத் தெரியும், மொட்டு என்றால் இரண்டு, மலர் என்றால் மூன்று. வகுப்பு எதுவானாலும் பிள்ளை தன் நிலைக்கு ஏற்ற பாயில் உட்கார்ந்து அதற்கான பயிற்சிப் புத்தகத்தைச் செய்யும். அடுத்த மாதம் மறுபடி தேர்வு.

மாதம் முடிகிற சமயத்தில் பத்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் குழந்தைக்கு எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் தோதோ அங்கே வைத்துக்கொள்ளலாம். “நெகிழ்வாக நடத்துங்கள்” என்று பயிற்சியில் ஒரு பத்து முறை சொன்னார்கள். நெகிழ்வு என்று சொன்னால் நான் விடுவேனா? வேப்பமரத்தடியில் வைத்தேன். சறுக்குமரத்தின் மேலும் கீழுமாக வைத்தேன். சத்துணவு முட்டையை உரித்துக்கொண்டிருந்த பிள்ளையிடம் உரிக்க உரிக்கக் கேட்டேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினால்தான் பதில் சொல்வான். தொங்கினால் மலர், இறக்கிவிட்டால் மொட்டு. பெரிய டீச்சர் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். “அவனுக்கு அதுதாங்க தோதான இடம்” என்றேன்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் அவள் சரியத் தொடங்கினாள்.

மூன்றாம் வகுப்பு. இரட்டைச் சடை, அதில் ஒரு பக்க ரிப்பன் எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும். அவள் அப்பா ரிக் வண்டியில், அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில், வேலை செய்கிறார். வருடத்தில் பத்து மாதத்துக்கு மேல் வடக்கே எங்காவது துளை போட்டுக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். அப்போது ஊருக்கு வருவார். ஆடிப் பதினெட்டை ஒட்டி வந்தால் ஐம்பது நாள், பிறகு மறுபடி வடக்கு. இங்கே பாதி வீடுகளில் அப்பாக்கள் இப்படித்தான் மழையோடு வருவார்கள்.

பள்ளி திறந்ததும் ஜூன் முதல் வாரத்தில் வைக்கும் தொடக்கத் தேர்வில் அவள் மலர். சும்மா மலர் இல்லை, போனே திணறி இதற்குமேல் கேள்வி இல்லை என்று நிறுத்திக்கொண்ட மலர். அந்த வாரம் அவள் அம்மா பள்ளி வாசலுக்கு வந்து தன் போனை என்னிடம் நீட்டினார். அவள் அப்பா பேசினார். பின்னால் ஏதோ எந்திரம் இரைந்துகொண்டிருந்தது.

“ஏனுங்க டீச்சர், எம்புள்ள எப்படிங்க படிக்குது?”

எனக்கு வாய் நீளம். “உங்க பொண்ணு மலருங்க! எந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டாலும் முதல் வரிசைதான்!” என்று எந்திரத்தைவிட உரக்கக் கத்தினேன். அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். எனக்கும். அதோடு மறந்துவிட்டேன்.

ஜூன் கடைசியில் அவள் மொட்டு. காய்ச்சலோ என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. ஜூலை மாதத் தேர்வில் உட்கார வைத்தபோதுதான் எனக்குத் தலை சுற்றியது.

எட்டும் ஐந்தும் எவ்வளவு என்று கேட்டேன். நெற்றியைச் சுருக்கி, விரலை மடக்கி, கண்ணை மூடி, “பதினாலுங்க டீச்சர்” என்றாள். ஒன்பதில் நான்கு போனால்? “ஆறுங்க.” மூவாறு? “பத்தொம்பதுங்க.” ஒவ்வொரு தவறுக்கும் போன் ஒரு படி இறங்கியது. ஆங்கிலத்தில் ஆவி பறக்கும் டீ டம்ளரைக் காட்டினேன். ‘கோல்டு’ என்றாள். சூரியனைக் காட்டினேன். ‘நைட்’ என்றாள். போன் பாவம், இறங்கி இறங்கி, கடைசியில் முதலாம் வகுப்புக்கும் கீழே போய் ஒரு படத்தைக் காட்டியது. யானை. தும்பிக்கை, தந்தம், முறம் போலக் காது எல்லாம் இருந்தது.

“இது என்ன சாமி?”

அவள் அந்த யானையை நெடுநேரம் பார்த்தாள். எச்சில் விழுங்கினாள். முகத்தில் அப்படி ஒரு வேதனை.

“எருமைங்க டீச்சர்.”

பக்கத்துப் பாயில் இருந்த ஒன்றாம் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று “யானைங்க டீச்சர்! யானை! யானை!” என்று கத்தியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினேன். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தபோதுதான் மனதில் ஏதோ உறுத்தியது. யோசித்துப் பார்த்தேன். பதினாலு, ஆறு, பத்தொன்பது. எல்லாம் சரியான விடைக்கு ஒன்று கூடுதல், ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று. டீக்குக் குளிர், சூரியனுக்கு இரவு, எல்லாம் நேர் எதிர். தெரியாத பிள்ளை தடுமாறும், பாதியாவது குருட்டாம்போக்கில் சரியாகிவிடும். இவள் மறந்தும் ஒரு கேள்விக்குச் சரியாகச் சொல்லவில்லை. இவ்வளவு கச்சிதமாகத் தவறு செய்ய எல்லா விடையும் தெரிந்திருக்க வேண்டும்.

அவளோ முடிவு வந்துவிட்டது போல அன்றே தானாக அரும்புப் பாய்க்கு மாறி உட்கார்ந்துகொண்டாள். நான் அந்தத் தேர்வை அனுப்பாமல் நிறுத்தி வைத்தேன். அவகாசம்தான் இருக்கிறதே.

மறுநாள் தமிழ் வாசிப்பு. ஒரு சின்னக் கதை. எறும்பு செருப்புக் கடைக்குப் போகிறது. மூன்று ஜோடி கேட்கிறது. கடைக்காரர் அலுத்துக்கொண்டே எடுத்துக் கொடுக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் எறும்புக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது மரவட்டை. அவ்வளவுதான் கதை. இவள் விரலை வைத்து “எ… று… ம்… பு…” என்று எழுத்தெழுத்தாக நகர்ந்தாள். நான் எழுத்தைப் பார்க்கவில்லை, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் முதல் வரியில் இருக்கும்போதே உதட்டோரம் துடித்தது. இரண்டாம் வரி தொடங்குவதற்குள் கன்னம் உப்பியது. மரவட்டை இருப்பது நான்காம் வரியில்! அடி கள்ளி, நீ அந்தக் கடைக்கு எப்போதோ போய்த் திரும்பிவிட்டாயே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மதிய இடைவேளையில் மிச்சமும் தெரிந்தது. எங்கள் பள்ளிச் சுற்றுச்சுவரின் ஓரமாகப் பிள்ளைகள் நின்று ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். சாலையில் லாரி போகும்போது அதன் எண் பலகையிலுள்ள நான்கு எண்களையும் கூட்டிச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவருக்கு அந்த லாரி சொந்தம். நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். 4796 போனது. மற்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் “இருவத்தாறு!” என்றாள். அடுத்தது அவளுக்கு, அதற்கடுத்ததும் அவளுக்கு. மணி அடிப்பதற்குள் அவளுக்குப் பதினேழு லாரியும் ஒரு கோழி வண்டியும் சொந்தமாகிவிட்டன. எட்டும் ஐந்தும் பதினாலு என்ற பிள்ளை!

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த அம்மாவைத் தனியாக ஓரம் கட்டினேன். அந்த அம்மா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றார்.

“உங்ககிட்ட சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே டீச்சர்?”

“சொல்லுங்க.”

“நீங்க அன்னைக்கு எங்க உட்டாலும் முதல் வரிசைன்னு சொன்னீங்கல்லங்க. அவிய அப்பா அதையே புடிச்சுக்கிட்டாருங்க. வருசக் கடைசி வரைக்கும் புள்ள மலராவே இருந்துச்சுன்னா நாலாவதுக்கு ஹாஸ்டல் பள்ளிக்கொடத்துல சேத்திரலாம்னு சொல்லிப்போட்டாரு. போன்ல சத்தமாப் பேசுனாருங்க, இவ பக்கத்துலயேதான் சோறு தின்னுட்டு இருந்தா. அன்னையிலிருந்து இப்படித்தானுங்க.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“ஊட்ல எல்லாக் கணக்கும் அவதானுங்க போடறா.” அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கும் அவள உட்டுட்டு இருக்க முடியாதுங்க. அதான் கண்டும் காணாம இருந்துட்டேன். நாஞ் சொன்னேன்னு அவியகிட்டச் சொல்லிப்போடாதீங்க, சாமி.” சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

நாமக்கல்லைச் சுற்றி ஹாஸ்டல் வைத்த பெரிய பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. எங்கெங்கோ இருந்தெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் வருகிறார்கள். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், அடுத்த பேச்சு ஹாஸ்டல்தான். பதினோரு வருடம் இருந்தும் அது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை. நான் பூரித்துப்போய்க் கத்தின ஒரு வாக்கியத்துக்காக எட்டு வயதுப் பிள்ளை யானையைப் பார்த்து எருமை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

பெரிய டீச்சரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பிள்ளை சொன்னதைத்தான் போட முடியும். சொல்லாத விடைக்கு மலர் போட உனக்கு அதிகாரம் இல்லை” என்றார். நியாயம்தான். அரும்பு என்று அனுப்பினால் அவள் ஒன்றாம் வகுப்புப் பாயில் உட்கார்ந்து வருடம் முழுக்கப் பானைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள். மலர் என்று வரவைத்தால் பெட்டியும் படுக்கையுமாக ஹாஸ்டல். பத்து நாள் அவகாசத்தில் ஏழு நாள் போயிருந்தது. நான் தினமும் போனை எடுப்பேன், அவளைப் பார்ப்பேன், வைத்துவிடுவேன். அவளும் என்னைப் பார்ப்பாள். இரண்டு திருடர்கள் ஒரே பஸ்ஸில் போவது போல இருந்தது.

ஆடிப் பெருக்கு முடிந்த மூன்றாம் நாள் அவள் அப்பா வந்தார். பைக்கை வாசலில் நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றி வெளியே விட்டு, வகுப்புக்குள் எட்டிப் பார்த்தார். வெயிலில் கறுத்து, கை இரண்டும் காப்புக் காய்த்துப் போயிருந்தது. மகள் அரும்புப் பாயில், தன்னில் பாதி உயரப் பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது.

“வணக்கமுங்க டீச்சர். மலருன்னீங்க. ரெண்டு மாசத்துல அரும்பாயிருச்சுன்னு ஊட்ல சொல்றாங்க. அப்படி என்னதானுங்க சொல்லிக் குடுக்கறீங்க?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. உண்மையைச் சொல்லலாமென்றால் அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு நிற்கவும் எனக்குத் தெரியாது.

“உக்காருங்க” என்றேன். “கீழ, பாய்ல. இந்தத் தேர்வு எப்படி இருக்கும்னு நீங்களே எழுதிப் பாருங்க. அப்புறம் என்னைக் கேளுங்க.”

அவர் திகைத்துவிட்டார். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் டீச்சர் சொன்னால் உட்காருவார்கள். ஒன்றாம் வகுப்பு நகர்ந்து இடம் கொடுத்தது. முழங்காலை மடக்க முடியாமல் மடக்கி உட்கார்ந்தார். போனில் பழகிப் பார்க்க என்று ஒரு பகுதி உண்டு, அதில் மதிப்பெண் எங்கேயும் போகாது. அதைத் திறந்தேன். மொத்தப் பள்ளியும் சுற்றிக் கூடிவிட்டது. தூரத்தில் ஒருவன் இன்னும் நன்றாகப் பார்க்க ஜன்னல் கம்பியில் ஏறித் தொங்கினான்.

கணக்கில் மனிதர் பறந்தார். பன்னிரண்டு இருபது எவ்வளவு என்று கேட்டு முடிப்பதற்குள் “இரநூத்தி நாப்பதுங்க. பன்னெண்டு ராடு, ஒண்ணொண்ணும் இருவது அடி, தெனம் எறக்கறதுதானுங்க” என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆங்கிலத்தில் ஸ்டாப், கோ, லெஃப்ட், ரைட், ரிவர்ஸ் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார். கேட்காததையும் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் கோபத்தில் இருந்தேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

பிறகு தமிழ் வாசிப்பு வந்தது. அதே எறும்பு, அதே செருப்புக் கடை.

அவர் போனைக் கையில் வாங்கிக் கொஞ்சம் எட்டப் பிடித்தார். கிட்டப் பிடித்தார். கையால் கழுத்தைத் துடைத்தார். “அஞ்சாவதோட நின்னதுங்க. நம்ம எழுத்தப் படிச்சே ரொம்ப வருசமாச்சு” என்றார். பிறகு விரலை வைத்தார்.

“எ… று… ம்… பு… செ… ரு…”

முதலில் ஒரு சின்னச் சிரிப்புக் கேட்டது. அப்புறம் இன்னொன்று. அவருடைய காது மடல் சிவந்தது, ஆனால் விரலை எடுக்கவில்லை. “செ… ரு… ப்…” என்று அதே இடத்தில் நின்றார். ஒன்றாம் வகுப்பில் ஒரு வாண்டு, தன் கட்சிக்கும் ஓர் ஆள் சேர்ந்தது என்ற ஆனந்தத்தில் குதித்துக் கத்தியது.

“மாமா அரும்புங்க டீச்சர்!”

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். அவளைத் தவிர. அவள் எழுந்துவிட்டாள். இரண்டு சடையும் அவிழ்ந்து, கண் நிறைய நீர்.

“எங்கப்பா ஒண்ணும் அரும்பில்ல!”

பாய்ந்து வந்து அவர் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். “எறும்பு செருப்புக் கடைக்குப் போனது, ‘மூன்று ஜோடி கொடுங்கள்’ என்றது, கடைக்காரர் அலுத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார், நிமிர்ந்து பார்த்தார், எறும்புக்குப் பின்னால் வரிசையில் நின்றது மரவட்டை” என்று ஒரே மூச்சில், எறும்புக்கு ஒரு குரலும் கடைக்காரருக்கு ஒரு குரலுமாகப் படித்து முடித்து, “இதுதாங்கப்பா, இவ்வளவுதான், பயப்படாதீங்க” என்றாள்.

ஜன்னலில் தொங்கியவன்கூட இறங்கிவிட்டான். அவள் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தான் செய்தது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. நான் கூரையைப் பார்த்தேன்.

“ஏஞ்சாமி” என்றார் அவர். “உனக்கு இதெல்லாம் தெரியுமா?”

“தெரியுமுங்க.”

“அப்புறம் ஏஞ்சாமி அரும்புல உக்காந்திருக்கறே?”

“மலரு வந்தா என்னய ஹாஸ்டலுக்கு அனுப்பிருவீங்க.”

“உன்ற நல்லதுக்குத்தானே கண்ணு. நானென்ன உன்னைய உட்டுப்போட்டா போயிருவேன்? மாசம் ஒரு ஞாயித்துக்கெழம பாக்க உடுவாங்களாம். நான் வாரேன் பாக்க.”

அவள் நேராகக் கரும்பலகைக்குப் போனாள். எட்டிய உயரத்தில் 50 என்று எழுதினாள்.

“நீங்க ஊட்ல இருக்கறது அம்பது நாளு.” அதற்குக் கீழே 2 போட்டாள். “அதுல ஹாஸ்டல்ல பாக்க உடற ஞாயிறு ரெண்டு.” கோடு கிழித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்த அதே ராகத்தில், “சைபர்ல ரெண்டு போகாது. அஞ்சுகிட்ட ஒண்ணு கடன் வாங்கோணும். பத்துல ரெண்டு போனா எட்டு…”

அவர் கணக்கில் கெட்டிக்காரர் என்றேனே. அவள் முடிப்பதற்கு முன்பே அவருடைய உதடு ‘நாப்பத்தெட்டு’ என்று முணுமுணுத்துவிட்டது.

“நாப்பத்தெட்டு நாளு நீங்க ஊட்ல இருப்பீங்க” என்று அவள் திரும்பினாள். “நான் அங்க இருப்பேன்.”

அவர் பாயிலிருந்து எழவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சரியான கழித்தலை என் பதினோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை.

“ஆயரம் அடிக்குப் போர் போடறமுங்க டீச்சர்” என்றார் கடைசியில், என்னைப் பார்க்காமல். “எத்தன ராடு, எத்தன பைப்புன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். இந்தக் கணக்கு எனக்குத் தோணவே இல்லீங்க பாருங்க.” காப்புக் காய்த்த கையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். “ஹாஸ்டலும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாமுங்க. இங்கயே படிக்கட்டும். நீங்க மலருன்னு போட்டுக்கங்க.”

“நான் போட முடியாதுங்க” என்றேன். “அவதான் சொல்லணும்.”

அப்புறம் நடந்ததைத் தேர்வு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். கேள்வி திரையில் முழுதாக வருவதற்குள் சொன்னாள். ஒவ்வொரு சரிக்கும் பிள்ளைகள் “ஹோ” என்றார்கள். ‘கோல்டு’ என்பது ‘ஹாட்’ ஆனது, ‘நைட்’ ‘டே’ ஆனது, பத்தொன்பது பதினெட்டானது. அவள் அப்பா பாயில் உட்கார்ந்தபடியே ஒன்றாம் வகுப்போடு சேர்ந்து கை தட்டினார். எனக்கு வழக்கம்போலச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வழிய, எந்தப் பொத்தானை அழுத்துகிறேன் என்று தெரியாமல் இரண்டு முறை பின்னால் போய்விட்டேன். பெரிய டீச்சர் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து, “இங்கே தேர்வு நடக்கிறதா, கல்யாணம் நடக்கிறதா?” என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

மலர் என்று வந்தது. அனுப்பு என்று அழுத்தினேன். போன் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் பள்ளியில் சிக்னல் சறுக்குமரத்தின் உச்சியில்தான் கிடைக்கும். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். பின்னாலேயே அவளும் ஏறினாள். போய்ச் சேர்ந்தது என்று பச்சையாகக் காட்டியதும் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சறுக்கிக் கீழே வந்து விழுந்தோம். எனக்கு வயது நாற்பத்து மூன்று.

மண்ணைத் தட்டிக்கொண்டே அவள் என் கையை இழுத்தாள். “டீச்சர், அந்த யானைக் கேள்விய ஒருக்கா போடுங்க.”

தேடிக் கண்டுபிடித்துக் காட்டினேன்.

“யானை!” என்று சாலை வரை கேட்கக் கத்தினாள். அப்புறம் ரகசியமாக, “எருமைன்னு சொல்றதுக்குள்ள எனக்கு உசுரே போயிருச்சுங்க டீச்சர்” என்றாள்.

மறுநாள் காலை கரும்பலகையின் வலது மூலையில் சின்னதாக 46 என்று எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். “எங்கப்பா இன்னும் இருக்கற நாளுங்க” என்றாள். அந்த மூலையை நான் அழிப்பதில்லை. தினமும் வந்ததும் பையை வைப்பதற்கு முன் ஒன்றைக் கழித்து எழுதுவாள். திங்கட்கிழமை மூன்றாகக் கழிப்பாள். அப்பாதான் பைக்கில் கொண்டுவந்து விடுவார். சில நாள் உள்ளே வந்து அரும்புப் பாயில் உட்கார்ந்து எறும்புக் கதையைப் படித்துவிட்டுப் போவார். இருபத்தைந்து வந்தபோது செருப்புக் கடையைத் தாண்டிவிட்டார். பன்னிரண்டு வந்தபோது மரவட்டையைப் பிடித்துவிட்டார். அன்று வாண்டு முறைப்படி எழுந்து நின்று “மாமா மொட்டுங்க டீச்சர்” என்று அறிவித்தது.

மூன்று, இரண்டு, ஒன்று என்று ஆனது. ஒன்று எழுதிய நாள் அவள் லாரி விளையாட்டுக்குப் போகவில்லை.

அடுத்த நாள் சீக்கிரமே வந்து எழுதிவிட்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே நுழைந்து மூலையைப் பார்த்தேன். 0 இருக்க வேண்டும். 1 என்று இருந்தது. மறுபடியும் ஒன்று கூடுதல். பாவம், இந்த ஒரு கணக்கை எப்படித்தான் சரியாகப் போடுவாள்? திருத்த மனமில்லாமல் டஸ்டரை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. அவர்தான். கையில் அவள் சத்துணவுத் தட்டு.

“தட்ட மறந்துட்டு வந்துட்டாளுங்க டீச்சர்” என்றார். “அங்க இன்னும் மழையாம். வண்டி நாளைக்குத்தான் கெளம்புதுங்க.”

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு என் கையிலிருந்த டஸ்டரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.